இயன்முறை மருத்துவம்: ஒரு தொழில் கண்ணியம் பெற்ற வரலாறு



பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நம் பள்ளிவாசல்களில் ஒன்றிரண்டு நாற்காலிகளே சுவரோரம் கிடக்கும். இன்று ஜும்ஆ நாளில் ஸஃப்புகளின் இரு ஓரங்களிலும் அவை வரிசை கட்டி நிற்கின்றன. முழங்கால் தேய்வு, முதுகுத்தண்டில் வட்டு விலகல், பக்கவாதம், இருசக்கர வாகன விபத்தில் முறிந்த தொடையெலும்பு என ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு காரணம் உண்டு. நாற்காலியில் தொழுவதன் சட்டங்களைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. நாமும் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி மதரஸாவின் முதலாண்டு மாணவனுக்கும் தெரியும்.

இங்கே நாம் பேச விரும்புவது, நாற்காலியை விட்டு மீண்டும் தரைக்கு வந்தவர்களைப் பற்றி. அத்தகையோரும் நம் மஹல்லாவில் சிலர் இருக்கிறார்கள். எப்படி நலமாயிற்று என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், பிசியோக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தேய்த்துவிட்டார்" என்பார்கள். இறைவனைப் புகழ்வது சரியே. அந்தத் 'தேய்த்துவிட்டார்' என்ற சொல்தான் நம்மை உறுத்துகிறது. முறையாகப் படித்து, தேர்வெழுதி, எந்தத் தசை எந்த எலும்பை எவ்வளவு தூரம் இழுக்கும் என்று அறிந்து வந்த ஒருவரைக் குறிக்க நம்மிடம் இருப்பது அந்த ஒரு சொல் மட்டுமே. இயன்முறை மருத்துவம் என்ற நல்ல தமிழ்ப்பெயர் அரசாணைகளிலும் கல்லூரிப் பலகைகளிலும் இருக்கிறது. வீட்டுப் பேச்சுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இத்தொழிலின் வரலாற்றை நாம் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு தந்தை நம்மிடம் கேட்ட கேள்வி. அக்கேள்வியைப் பின்னர் சொல்கிறோம். வரலாற்றை முதலில் சொன்னால்தான் அதற்கு நாம் அளித்த விடை விளங்கும்.

கையால் நீவியும் உடலை அசைத்தும் நோய் தீர்ப்பது எந்த ஒரு சமுதாயத்தின் தனிச்சொத்தும் அன்று. இப்னு ஸீனா தம்முடைய 'அல்-கானூன்' நூலின் முதற்பகுதியில் உடற்பயிற்சிக்குத் தனியிடம் தருகிறார். உடலைத் தேய்ப்பதை வன்மையானது, மென்மையானது என்று வகை பிரிக்கிறார். பயிற்சிக்கு முன் உடலைப் பக்குவப்படுத்தும் தேய்த்தல் வேறு, பயிற்சிக்குப் பின் அயர்வு நீக்கும் தேய்த்தல் வேறு என்றும் காட்டுகிறார். அந்தலூஸின் அஸ்ஸஹ்ராவி தம் பெருநூலின் அறுவைப் பகுதியில் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் ஒரு பாகத்தையே ஒதுக்கினார். நம் பத்திரிகைகளில் இத்தகைய செய்திகளைப் போட்டுவிட்டு, எல்லாம் நம்மிடமிருந்தே தொடங்கியது என்று முடித்துவிடும் வழக்கம் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. அறிவு இருந்தது, அந்த அறிவை வைத்துப் பிழைப்போரும் இருந்தனர். ஆனால் பாடத்திட்டம், தேர்வு, பதிவேடு, தவறு செய்தால் பெயரை நீக்கும் விதி ஆகிய இவை கூடினால்தான் இன்றைய பொருளில் அது தொழிலாகிறது. இயன்முறைச் சிகிச்சைக்கு அவை வாய்த்தது கடந்த இருநூறு ஆண்டுகளில்தான்.

தொடக்கப்புள்ளியாகப் பலரும் சுட்டுவது ஸ்வீடன் நாட்டை. பேர் ஹென்ரிக் லிங் என்பவர் 1776-இல் பிறந்தவர், வாள்வீச்சு ஆசிரியர். வாள்வீசிப் பழகியதால் தம் கையிலிருந்த வாதம் தணிந்ததை உணர்ந்தே அவர் இத்துறைக்குத் திரும்பினார் என்று சொல்வதுண்டு. 1813-இல் ஸ்டாக்ஹோமில் அரசு ஆதரவுடன் அவர் நிறுவிய உடற்பயிற்சிக் கழகத்தில் படைவீரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் உரிய பயிற்சிகளோடு, நோயாளிகளுக்கான மருத்துவப் பயிற்சியும் ஒரு கிளையாக இருந்தது. எந்த மூட்டை எந்தத் திசையில் எத்தனை முறை அசைப்பது என்பதற்கு ஒழுங்கு வகுக்கப்பட்டது. 1887-இல் ஸ்வீடன் அரசின் சுகாதார வாரியம் இவ்வாறு பயின்றவர்களை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்யத் தொடங்கியது.

ஆயினும் நம் நெஞ்சைத் தொட்ட பகுதி ஸ்வீடனில் நிகழவில்லை. அது 1894-ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்ந்தது.

அக்காலத்தில் அந்நகரில் உடல் தேய்த்துவிடும் நிலையங்கள் பல முளைத்திருந்தன. மருத்துவர்களும் நோயாளிகளுக்கு அச்சிகிச்சையைப் பரிந்துரைத்தனர். ஆனால் அந்நிலையங்களுள் ஒரு பகுதி ஒழுக்கக்கேட்டுக்குப் போட்ட திரையாக இருந்தது. அரைகுறைப் பயிற்சி அளித்துச் சான்றிதழ் விற்போரும் பெருகியிருந்தனர். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் மருத்துவ இதழ் 1894-இல் இந்தச் சீர்கேட்டை வெளிப்படையாக எழுதியது. ஊரெங்கும் அதுவே பேச்சாயிற்று. நேர்மையாக நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துவந்த செவிலியரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை மரியாதையுடன் அழைத்த வீட்டார் இன்று கதவைத் திறக்கத் தயங்குகிறார்கள். தொழிலின் பெயரைச் சொன்னாலே கேட்பவர் முகம் மாறுகிறது.

அந்நிலையில் நான்கு பெண்கள் கூடினர். ரோசலிண்ட் பேஜட், லூசி ராபின்சன், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்பன அவர்களுடைய பெயர்கள். செவிலியராகவும் மகப்பேற்றுத் தாதியராகவும் பயிற்சி பெற்றவர்கள். தொழிலைக் கைவிட்டு ஒதுங்கியிருக்கலாம். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று அறிக்கை விட்டு அமர்ந்திருக்கலாம். அவர்கள் பயிற்சி பெற்ற பெண்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, அதற்கு விதிகள் எழுதினர். மருத்துவரின் உத்தரவின்றி யாருக்கும் சிகிச்சை செய்யக் கூடாது. ஆண்களுக்குப் பொதுவான உடல் தேய்ப்பு கூடாது. மருத்துவரே தனிப்படக் கேட்டுக்கொள்ளும் அவசர நிலையில் மட்டும் விலக்கு உண்டு. மருத்துவ இதழ்கள் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது. அடுத்த ஆண்டே தேர்வும் நடத்தத் தொடங்கினர். தேறியவரே சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்விதிகளைப் படித்தபோது நமக்கு ஒரு வியப்பு. ஃபிக்ஹ் நூல்களில் மருத்துவத் தேவைக்காக அந்நியர் உடலைத் தொடுவது பற்றிய பகுதியை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். பெண்ணுக்குப் பெண்ணே முதல் தேர்வு. கிடைக்காத நிலையில் மட்டும் ஆண். தேவைப்படும் அளவே அனுமதி; அதைத் தாண்டினால் அனுமதியில்லை. தனித்திருத்தல் கூடாது. இந்நூல்களைக் கண்ணாலும் கண்டிராத நான்கு பெண்கள், தம் மானத்தையும் நோயாளியின் மானத்தையும் காக்க முனைந்தபோது ஏறத்தாழ அதே திசைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவரவில்லை. ஒன்றின் அடிப்படை வஹீ, மற்றதன் அடிப்படை அனுபவம். ஆனால் ஓர் அந்நியரின் கை எப்போது நம்பத்தக்கதாகிறது என்னும் கேள்வி இரு இடத்திலும் ஒன்றே.

அந்தச் சங்கம் 1900-இல் சட்டப்படி பதிவு பெற்றது; 1920-இல் மன்னரின் சாசனம் பெற்றது; 1944-இல் இயன்முறைச் சிகிச்சையாளர் சங்கம் என்று பொருள்படும் இன்றைய பெயரை ஏற்றது. மருத்துவரின் உத்தரவின்றி இயங்கக் கூடாது என்று தொடக்கத்தில் தாமே போட்டுக்கொண்ட வேலி பிற்காலத்தில் அவர்களுக்கே தளையாயிற்று. கற்றவர்கள் தம் அறிவின்படி சிகிச்சையைத் தாமே முடிவு செய்யும் உரிமையை பிரிட்டனில் அடைய 1970-களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம்பிக்கையை ஈட்ட எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கின்றன.

போலிச் சான்றிதழ் என்பது லண்டனோடும் அந்நூற்றாண்டோடும் முடிந்த செய்தியென்று எண்ணிவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நமது தாயாருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு இடப்பக்கம் செயலிழந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் யாரோ ஒருவர் சொல்லி ஓர் ஆள் வந்தார். பெட்டியொன்றைத் திறந்து, கம்பிகளைக் கையில் ஒட்டி, சிறிது மின்சாரம் பாய்ச்சிவிட்டு, எண்ணெய் தேய்த்து, நாள் கூலி வாங்கிச் சென்றார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு நேரான விடை வரவில்லை. நான்காம் நாள் தோளில் வலி மிகுந்து தாயார் உறங்கவேயில்லை. செயலிழந்த பக்கத்துத் தோள் எளிதில் நழுவிவிடும், அக்கையைப் பிடித்து இழுக்கவே கூடாது என்பது இத்துறையின் அரிச்சுவடி; அது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பின்னர் வந்தவர் முறையாகப் பட்டம் பெற்ற ஓர் இளம்பெண். மாற்று மதச் சகோதரி. முதல் நாள் தாயார் தம்மைத் தொடவே விடவில்லை. அப்பெண் வற்புறுத்தவில்லை. "அம்மா, நீங்க சரின்னு சொன்னாத்தான் தொடுவேன்" என்று சொல்லிவிட்டு அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஆண்களாகிய எம்மை வெளியே போகச் சொன்னார். போர்வையால் மூட வேண்டியதை மூடினார். ஒவ்வோர் அசைவுக்கும் முன், இப்போது இதைச் செய்யப்போகிறேன், இதற்காகச் செய்கிறேன் என்று சொன்னார். மூன்றாம் நாள் நம்மை அழைத்து, "உங்க தொழுகையில என்னென்ன அசைவு வரும்னு ஒரு தடவை செஞ்சு காட்டுறீங்களா?" என்று கேட்டார். தக்பீருக்குக் கையுயர்த்துவதையும் ருகூஉவில் குனிவதையும் ஸஜ்தாவிலிருந்து எழுவதையும் செய்து காட்டினோம். அவற்றுள் தாயாருக்கு ஆகக்கூடியவற்றையே பயிற்சியாக அமைத்துவிட்டார். நோயாளிக்கு எது மிகவும் வேண்டியதோ அதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தால் மூளை புதுவழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது அவர் கூற்று. தரையில் அமரும் நிலை தாயாருக்குத் திரும்பவில்லை. இடக்கை நெஞ்சளவுக்குத்தான் உயர்ந்தது. கட்டில் ஓரத்தில் தாமாக எழுந்தமர்ந்து அந்த அளவுக்குக் கையுயர்த்தித் தக்பீர் கட்டியே இறுதிவரை தொழுதார்கள்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். 1914-இல் மூண்ட முதல் உலகப்போர் இத்தொழிலை அடியோடு மாற்றியது. அதற்கு முன் போர்க்களத்தில் மடிந்திருக்கக்கூடிய வீரர்கள், அறுவை மருத்துவம் முன்னேறியதால் உயிர் பிழைத்தார்கள். ஆனால் கையும் காலும் விறைத்துப்போய்ப் பிழைத்தார்கள். போர் தொடங்கிய ஆண்டிலேயே ஐம்பது பெண்களுடன் ஆல்மெரிக் பேஜட் பெயரால் ஒரு படைப்பிரிவு பிரிட்டனில் அமைந்தது. காயமுற்ற வீரர்களுக்குத் தேய்ப்பும் பயிற்சியும் மின்சிகிச்சையும் அளிப்பதே அதன் வேலை. ஆண்களுக்குப் பொதுவாகச் சிகிச்சை செய்யோம் என்ற பழைய விதி, மருத்துவமனைக் கூடங்களை நிறைத்த காயப்பட்டோர் முன் நிற்கவில்லை. அமெரிக்கா போரில் இறங்கியபோது அங்கும் பெண்கள் திரட்டப்பட்டனர். மறுசீரமைப்பு உதவியாளர் என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர்.

அவர்களுக்குப் பாடம் நடத்தியவர் மேரி மெக்மில்லன். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் லிவர்பூலில் வளர்ந்து பயிற்சி பெற்றவர். அமெரிக்கத் தலைநகரின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையிலும் ஓரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியிலும் அவர் பயிற்றுவித்தார். 1921-இல் அமெரிக்கப் பெண் சிகிச்சையாளர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தபோது முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அவரே. அதே ஆண்டில் பாடநூலும் எழுதினார். பின்னர்ச் சீனத்துப் பீக்கிங் மருத்துவக் கல்லூரிக்குச் சென்று பணியாற்றினார். இரண்டாம் உலகப்போரில் மணிலாவில் ஜப்பானியரிடம் அகப்பட்டு முகாமில் அடைபட்டார்; அங்கேயும் உடன் அடைபட்டோருக்குச் சிகிச்சை செய்வதை விடவில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்பவர் என்ற முறையில் இப்பெண்மணி மீது நமக்குத் தனி மதிப்பு.

போருக்கு அடுத்து இத்தொழிலை வளர்த்தது இளம்பிள்ளை வாதம். போலியோ கிருமி முதுகுத்தண்டின் நரம்பணுக்களைத் தாக்க, ஓடித்திரிந்த குழந்தை இரண்டொரு நாளில் கால் துவண்டு படுத்துவிடும். உறுப்பு கோணிப்போகும் என்று அஞ்சி மாவுக்கட்டும் பலகையும் கொண்டு மாதக்கணக்கில் அசையாமல் கட்டிவைப்பதே அன்றைய மருத்துவம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் எலிசபெத் கென்னி என்ற பெண் அக்கட்டுகளை அவிழ்த்தார். கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தார். தசைகளை மெல்ல அசைத்து, குழந்தையையே அசைக்கப் பழக்கினார். அவர் பட்டம் பெற்ற சிகிச்சையாளர் அல்லர். முறையான செவிலியர் சான்றும் இல்லாதவர். சிஸ்டர் கென்னி என்று உலகம் அழைத்ததைக் கண்டு அவரைக் கன்னிமாடத்துத் துறவி என்று எண்ணுவோர் உண்டு. போர்க்காலச் செவிலியருக்குரிய பதவிப் பெயர் அது. குவீன்ஸ்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு 1938-இல் அவருடைய முறையைக் கண்டித்து அறிக்கை தந்தது. 1940-இல் அமெரிக்கா சென்றார். 1942-இல் மினியாபோலிஸ் நகரில் அவர் பெயரால் சிகிச்சை நிலையமே திறக்கப்பட்டது. நோயைப் பற்றி அவர் சொன்ன விளக்கங்கள் பலவற்றை அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் கட்டிப்போடாதே, அசைக்கப் பழக்கு என்ற அவரது வழி நிலைத்துவிட்டது. பட்டமில்லாதவர் ஒருவர் சரியாகச் சொன்னார் என்பதால் பட்டமில்லாத எல்லோரையும் நம்பலாம் என்று கொள்ளக் கூடாது. நமது தாயாரின் தோள் அதற்குச் சான்று.

நம் நாட்டுக்கும் இத்தொழில் போலியோவின் பின்னாலேயே வந்தது. பம்பாயில் அந்நோய் பரவியதைத் தொடர்ந்து, 1950-களின் தொடக்கத்தில், இந்திய அரசும் பம்பாய் மாநகராட்சியும் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சைப் பள்ளியை நிறுவின. 1955-இல் இந்திய இயன்முறைச் சிகிச்சையாளர் சங்கம் உருவாயிற்று. உலகளாவிய கூட்டமைப்பு 1951-இல் கோபன்ஹேகனில் தொடங்கப்பட்டு நான்காண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

தமிழகத்தில் வேலூரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. வேலூர் மருத்துவமனை என்றால் நம் வீடுகளில் அறியாதார் இல்லை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் அங்கே பணியேற்றார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் கண்ட நோயாளிகளின் மடங்கிப்போன விரல்கள் அவரை உறங்கவிடவில்லை. நோய் விரலைத் தின்பதில்லை, உணர்ச்சி மரத்துப்போவதால் சூடும் காயமும் தெரியாமல் விரல் சிதைகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். 1940-களின் இறுதியில், செயலிழந்த தசைக்குப் பதிலாக நலமான தசையின் நாணை எடுத்து விரலில் பொருத்தும் அறுவையைத் தொழுநோயாளரின் கைகளில் செய்யத் தொடங்கினார்.

இங்கேதான் நம் கட்டுரையின் கதாநாயகர்கள் வருகிறார்கள். அறுவைக்கு முன் விறைத்த விரல்களை எண்ணெய் நீவி இளக்கியாக வேண்டும். அறுவைக்குப் பின் இன்னும் பெரிய வேலை. இத்தனை ஆண்டுகளாக ஒரு வேலை செய்துவந்த தசை இப்போது வேறு வேலை செய்ய வேண்டும். அதை மூளைக்குச் சொல்லித்தர வேண்டும். நோயாளி தன் விரலை உற்றுப் பார்த்துக்கொண்டே, பழைய அசைவை எண்ணி, புதிய அசைவைப் பெற வாரக்கணக்கில் பழகுவார். ஹிஃப்ளு வகுப்பில் ஒரு பிள்ளை தவறாக மனனம் செய்த ஆயத்தைத் திருத்தி ஓதப் பழக்குவது எவ்வளவு கடினம் என்பது நம்மைப் போன்றோருக்குத் தெரியும்; ஏறத்தாழ அதே பொறுமை இதற்கும் வேண்டும். கத்தி வைப்பவர் பெயர் நூல்களில் இருக்கிறது. விரலைப் பிடித்து அமர்ந்திருந்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

பிராண்டின் மாணவியான டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எழுந்து நடக்க மாட்டார் என்று அறிந்த நோயாளியையும் தாமே குளிக்கவும் உண்ணவும் உழைத்துப் பிழைக்கவும் ஆளாக்குவது மருத்துவத்தின் வேலைதான் என்று அவர் நிறுவினார்.

போலியோ நம் நாட்டிலிருந்து அகன்றுவிட்டது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. தொழிலைப் பெற்றெடுத்த நோய் போனபின்பும் தொழிலுக்கு வேலை குறையவில்லை. பக்கவாதமும் முழங்காலும் சாலை விபத்தும் அந்த இடத்தை நிரப்பிவிட்டன. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இயன்முறைச் சிகிச்சையாளரையும் உள்ளடக்கிப் பதிவேடும் கல்வித்தரமும் வகுக்க ஓர் ஆணையத்துக்கு வழி செய்தது. ஸ்வீடனில் 1887-இல் நடந்ததை எண்ணிக்கொண்டால் நம் தாமதம் புரியும். பெயருக்கு முன் டாக்டர் என்று போடலாமா என்ற வழக்கும் வாதமும் நம் நாட்டில் இன்னும் ஓயவில்லை. அது அவர்கள் பாடு.

இனி அந்தத் தந்தையின் கேள்வி. நம்முடைய மக்தபில் குர்ஆன் ஓதிய பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. நான்கு ஆண்டுப் படிப்பும் அதன்பின் மருத்துவமனைப் பயிற்சியும். வீட்டில் பெரியவர்கள் ஒப்பவில்லை. "ஹஜ்ரத், கண்டவங்க காலைப் பிடிச்சு விடுற வேலைக்கா நம்ம புள்ளையைப் படிக்க வைக்கிறதுன்னு எங்க அம்மா கேக்குறாங்க. மார்க்கத்துல இதுக்கு இடம் இருக்கான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்" என்றார்.

ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நாம் ஒரு வாரம் தவணை கேட்டோம். மேலே எழுதியவற்றுள் பெரும்பகுதி அவ்வாரத்தில் படித்தது. பிறகு அவரை அழைத்து, காலைப் பிடிப்பது இழிவென்ற பேச்சை முதலில் எடுத்துக்கொண்டோம். சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் தர்மம் கடமை என்றும், ஒருவர் தம் வாகனத்தில் ஏற உதவுவதும் தர்மமே என்றும் வரும் நபிமொழியை நினைவூட்டினோம். போர்களில் காயமுற்றோருக்குத் தண்ணீர் புகட்டிச் சிகிச்சையும் செய்தோம் என்று ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்கிறார்கள். ஊரில் யாருமே கற்காவிட்டால் ஊரே குற்றவாளி. அத்தோடு, மருத்துவம் கற்க ஆளில்லாத ஊர்களில் மக்கள் சட்ட நுணுக்கங்களில் மட்டும் முண்டியடிப்பதைக் கண்டு வருந்தவும் செய்கிறார்கள். மதரஸா ஆசிரியர்களாகிய நம்மைப் பார்த்தே சொன்னதுபோல இருக்கிறது. பெண்ணுக்குப் பெண்ணே சிகிச்சை செய்ய வேண்டும் என்று மிம்பரிலிருந்து சொல்கிறோம். அந்தப் பெண்ணைப் படிக்க அனுப்புவது யார் என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். நம் தெருவில் பக்கவாதத்தில் கிடக்கும் மூதாட்டிகளில் சிலர், வருகிறவர் ஆண் என்பதற்காகவே சிகிச்சையை மறுத்துப் படுக்கைப் புண்ணோடு கிடப்பதை நாம் அறிவோம்.

இடர்ப்பாட்டை நாம் மறைக்கவில்லை. படிக்கும் காலத்தில் மருத்துவமனைப் பயிற்சியில் ஆண் நோயாளிகளையும் பார்க்க நேரிடும். அது தேவையின் எல்லைக்குள், ஆசிரியர் முன்னிலையில், திறந்த கூடத்தில் நடப்பது. பட்டம் பெற்றபின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் சிகிச்சை செய்வதென்று அவள் தேர்ந்துகொள்ளலாம்; மூளை முடக்குவாதத்தால் வாடும் பிள்ளைகளுக்கான பிரிவிலும் பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சிகளிலும் பெண்களின் தேவை மிகுதி. இவ்வளவும் சொல்லிவிட்டு, லண்டனின் அந்த நான்கு பெண்களின் விதிகளையும் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னோம். அவர் நெடுநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நபிமொழியும் கஸ்ஸாலியும் அவர் முன்பே ஏற்றவை. தொழிலுக்கே இப்படியொரு வேலி இருக்கிறது என்பதுதான் அவருக்குப் புதிது.

பிள்ளை சேர்ந்துவிட்டாள். இப்போது மூன்றாம் ஆண்டு. சென்ற விடுமுறையில் நம் இல்லத்துப் பெண்களிடம் வந்து, மகளிர் மதரஸாவை ஒட்டிய பழைய அறையை வாரம் இரு பிற்பகல்கள் திறந்து தந்தால், தன் ஆசிரியை ஒருவர் வந்து பெண்களைப் பார்க்க ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். தான் உடனிருந்து உதவுவாளாம். ஜமாஅத் கூட்டத்தில் பேசினோம். அறை தர ஆட்சேபனை இல்லை. நடைபழகப் பிடித்துக்கொள்ளும் இரட்டைக் கம்பி ஒரு ஜோடியும் உயரம் குறைந்த கட்டில் ஒன்றும் வாங்க வேண்டும். குளியலறைக்குப் படியில்லாமல் சாய்தளம் போட வேண்டும். விலை விசாரித்து வர இருவரை அனுப்பியிருக்கிறார்கள்.